காசில்லை என்பதால் கட்டற்றது ஆகிவிடாது

போன வாரம் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. சாயச் சிமென்ட் காயாத கையோடு முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறார். திரையில் ‘உரிமம் காலாவதியானது’ என்று ஒரே ஒரு வரி. தேவகோட்டைக்கு லோடு ஏற்றியாகிவிட்டது, பில் வரவில்லை. இந்த வருடம் என்னிடம் வந்த நாலாவது கேஸ் இது.

மென்பொருளை எழுதியது காரைக்குடித் தம்பி ஒருவர். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் எம்ஐடி உரிமம், மூலநிரல் முழுக்க வெளியே. பில் அச்சிடும் பகுதிக்கு மட்டும் ஒரு நிறுவனத்தின் மூடிய லைப்ரரியை, அதாவது மூலநிரலைக் காட்டாத ஆயத்த நிரல்தொகுப்பைச் சேர்த்திருந்தார். காலாவதியானது அதன் உரிமம்தான். கேட்டால், “அது ஃப்ரீதானே அண்ணே?”

இந்த ‘ஃப்ரீதானே’தான் எனக்குத் தாங்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நமக்குத்தான் காசில்லாத இலவசம் வேறு, யாரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்றது வேறு என்று தெளிவாக இருக்கிறதே! வெளிநாட்டுப் பங்காளி ஒருவர், “சும்மாதானே பூட்டிக் கிடக்கு, இருந்துக்கங்க” என்று பூர்வீக வீட்டைத் திறந்துவிடுகிறார். வாடகை இல்லை. சரி, சாவி யாரிடம்? ஓடு மாற்ற அவரைக் கேட்க வேண்டும். நாளைக்கே பூட்டினாலும் வாய் திறக்க முடியாது. அவர் காசு வாங்காதது இன்றைய மனசு, உங்கள் உரிமை அல்ல. நீங்கள் மட்டும் குடியிருந்தால் உங்கள் பாடு. திறமூலம் என்று சொல்லி ஊரையே அங்கே கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்களே!

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கே இது நடந்தது. 2002இலிருந்து, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க பிட்கீப்பர் என்ற மூடிய கருவியை இலவசமாகப் பயன்படுத்தினார்கள். அப்போதே பலர் எதிர்த்தார்கள். 2005இல் சச்சரவு வந்து இலவச அனுமதி போனது. அந்த ஏப்ரலில் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து, அதற்குப் பதிலாக ‘கிட்’ என்ற கட்டற்ற கருவியை எழுதினார். அவரால் முடிந்தது. பட்டறை முதலாளி என்ன செய்வார்?

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிடுபவர்கள் இதில் கறார். உங்கள் நிரல் கட்டற்றதாகவே இருந்தாலும், மூடிய ஒன்று இல்லாமல் ஓடாது என்றால் அவர்களுடைய முதன்மையான ‘மெயின்’ பிரிவில் இடமில்லை, தனியாக ஒதுக்கிய ‘கான்ட்ரிப்’தான்.

சேர்க்கும் ஒவ்வொன்றின் உரிமத்தையும் படியுங்கள், விலைப் பக்கத்தை அல்ல. மூடியது இருந்தால் அதை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தவிர்க்கவே முடியாதென்றால் வேண்டியவர் மட்டும் சேர்த்துக்கொள்ளும் தனிச் செருகியாக வையுங்கள், நிரலோடு வரும் அறிமுகக் கோப்பான ரீட்மியில் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். தரவு, வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி மாதிரி எவரும் திறக்கும் வடிவில் வெளியே வர வழி இருக்கட்டும்.

தம்பி, உங்கள் நிரல் நல்ல நிரல். அந்த ஒரு லைப்ரரியை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை நானும் பட்டறைக்கு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து மாற்றிவிடலாம். அதுவரை முதலாளி கார்பன் தாள் வைத்துக் கையால்தான் பில் எழுதிக்கொண்டிருக்கிறார்.