விமானிகள் வெளியே சொல்லாத மனச்சுமை

மதுரையில் மனநல மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் வரும் விமானிகள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்து, விடுப்பில் சொந்த ஊருக்கு வந்தவர்கள். தூக்கம் சரியில்லை, வயிறு சரியில்லை என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மனச்சோர்வு என்று சீட்டில் எழுதிவிட வேண்டாம் என்ற வேண்டுகோள் பிறகு வரும். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. காலமுறை மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்றானால் அன்றோடு பறப்பது நின்றுவிடும். மேலூர்ப் பக்கம் நிலத்தை அடகு வைத்துப் பல லட்சங்களில் பயிற்சிக் கட்டணம் கட்டிய பெற்றோரிடம், மனம் சரியில்லை என்று சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்?

அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடலின் விழிப்புநிலை மிகவும் தாழ்ந்திருக்கும். ஒரு நாள் விடியலுக்கு முன் புறப்பாடு, அடுத்த நாள் நள்ளிரவில் தரையிறக்கம் என்று பணி மாறிக்கொண்டே இருந்தால், உடல் எந்த ஒழுங்குக்கும் பழகுவதில்லை. 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து இரவு முழுவதும் பறந்து வந்த விமானம் மங்களூருவில் விபத்துக்குள்ளாகி 158 பேர் உயிரிழந்தனர். வழியில் கேப்டன் நெடுநேரம் உறங்கியதையும், விழித்த பின்னும் நீடிக்கும் மந்தநிலை அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. இந்தியாவில் விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது 2025 ஜூலையில்தான். அந்த ஓய்வையும் காதுகுத்து, வசந்த விழா என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் நாமே கரைத்துவிடுகிறோம் என்பதை நம் ஊர்க் குடும்பங்கள் உணர வேண்டும்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த ஏர் இந்தியா விமான விபத்துக்குப் பின், ஜூன் 16 அன்று ஒரே நாளில் அந்த நிறுவனத்தின் 112 விமானிகள் உடல்நலக் குறைவு காரணமாக விடுப்பு கேட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. உடன் பணியாற்றியோரை இழந்த நிலையில் பறக்க இயலாது என்று ஒருவர் விலகி நிற்பதை நான் பொறுப்புணர்வாகவே கருதுகிறேன். அஞ்ச வேண்டியது மறைப்பதற்குத்தான். 2015 மார்ச்சில் 150 பேருடன் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதிய ஜெர்மன் துணை விமானி, பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிய சான்றுகளை நிறுவனத்திடம் காட்டவே இல்லை. மனச்சோர்வுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட சில மருந்துகளை எடுத்துக்கொண்டே, கண்காணிப்பின் கீழ் விமானம் ஓட்ட அமெரிக்கா 2010 முதல் அனுமதிக்கிறது. சிகிச்சைக்கு வந்தால் வேலை போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் விமானிகள் உரிய காலத்தில் வருவார்கள்.

விடுமுறையிலும் தூக்கம் வராமை, பணிப்பட்டியல் குறுஞ்செய்தி வந்தாலே படபடப்பு, உறங்குவதற்காக மது அருந்துதல் ஆகியவற்றை வீட்டார் கண்டால் காலம் தாழ்த்தக் கூடாது. அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். சாதாரணச் சளி மாத்திரைகள் சிலவும் மயக்கம் தரும் என்பதால் மருந்துக்கடையில் தாமாக எதையும் வாங்கி விழுங்காமல், எந்த மருத்துவரிடம் சென்றாலும் தாம் விமானி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.