64 எண்களுக்குள் ஒரு விண்மீன் மண்டலம்

207. இந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்ததும் 1970-களின் கணினிக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது இருநூற்று ஏழு இல்லை. பக்கத்து வட்டாரத்தில் எதிரிக் கப்பல் இரண்டு, நம் தளம் ஏதும் இல்லை, நட்சத்திரம் ஏழு. ‘ஸ்டார் ட்ரெக்’ கணினி ஆட்டம் பேசிய மொழி இது.

இதன் தாய், அதே பெயரில் என்பிசி தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை வந்த தொடர். 79 பகுதிகளோடு அது நின்றுபோனது. இரண்டு ஆண்டு கழித்து, 1971 கோடையில், மைக் மேஃபீல்டு என்ற பள்ளி மாணவர் கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். எஸ்டிஎஸ் சிக்மா 7 என்ற பெரிய கணினியில் அவருக்கு எப்படியோ ஒரு கணக்கு கைவந்திருந்தது. அதே கூடத்தில் இன்னொரு கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ ஓடிக்கொண்டிருந்தது. 1962-இல் எம்ஐடியில் பிறந்த ஆட்டம் அது. திரையில் இரண்டு கப்பல்கள் உடனுக்குடன் சுட்டுக்கொள்ளும். அதைப்போல ஒன்றைத் தானும் செய்ய வேண்டும் என்று மேஃபீல்டுக்கு ஆசை. ஆனால் அவர் கையில் இருந்தது திரை இல்லை, டெலிடைப். விசைப்பலகையும் காகிதச் சுருளும் சேர்ந்த தட்டச்சு இயந்திரம். விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பத்து எழுத்தில்தான் ஆட்டத்தின் குணமே தீர்மானமானது. போர்க்களத்தின் படத்தில் வெறும் 192 எழுத்து. அதை அடித்து முடிக்கவே 19 விநாடி ஆகும். அதற்குள் எதிரி நகர்ந்துவிட்டால் படம் பழசு. ஆகவே எதிரி நகரக்கூடாது. நீங்கள் ஒரு கட்டளை கொடுத்தால் மட்டுமே உலகம் ஒரு அடி நகரும். பிறகு அடுத்த கட்டளைக்காக அப்படியே காத்திருக்கும். கைவேகத்துக்கு வேலையே இல்லை. யோசித்து ஆட வேண்டிய ஆட்டமாக அது ஆனதற்கு அந்த இயந்திரத்தின் மந்தமே காரணம்.

அடுத்த ஆண்டு மேஃபீல்டு ஹெச்பி-35 கால்குலேட்டர் ஒன்று வாங்கினார். அந்தச் சாக்கில் உள்ளூர் ஹெச்பி அலுவலகத்துக்குப் போனவரிடம், ‘எங்கள் கணினிக்கும் அந்த ஆட்டத்தை எழுதிக் கொடு, கணினியைப் பயன்படுத்திக்கொள்’ என்றார்கள். அப்படித்தான் 1972 அக்டோபரில் ஹெச்பி கணினிக்கான பதிப்பு, பேசிக் என்ற நிரல்மொழியில், உருவானது. டெக் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த டேவிட் ஆல் அதைத் தன் பேசிக் ஆட்டத் தொகுப்பில் 1973-இல் அச்சிட்டார். பாப் லீடம் 1974-இல் அதைத் திருத்திப் பெரிதாக்கினார். அந்தப் பெரிய வடிவம் 1978-இல் வந்த புதிய தொகுப்பில் இடம்பெற்றது. பத்து லட்சம் பிரதி விற்ற முதல் கணினி நூல் அது என்பார்கள். அப்போதெல்லாம் ஆட்டம் வேண்டுமென்றால் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு நிரலை வரி வரியாகத் தட்ட வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கப்பல் கிளம்பாது. இனி நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்த 1978 நிரலில் இருப்பவை.

ஆட்டம் எளிமையானது. நீங்கள் என்டர்பிரைஸ் விண்கலத்தின் தலைவர். கொடுத்த நாளுக்குள் கிளிங்கான் என்ற எதிரிகளின் கப்பல்கள் அத்தனையையும் அழிக்க வேண்டும். களம் எட்டுக்கு எட்டாக 64 வட்டாரம். ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் எட்டுக்கு எட்டாக 64 கட்டம். மொத்தம் 4,096 கட்டங்கள். ஆனால் நிரல் முழுவதற்கும் 24 கிலோபைட் நினைவகம் வேண்டும் என்று அதன் முதல் வரியே சொல்கிறது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே இதைப்போல நூறு மடங்கு தேவைப்படும்.

சரி, இவ்வளவு பெரிய களத்தை இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி வைத்தார்கள்? வைக்கவில்லை. வட்டாரத்துக்கு ஒரே ஒரு எண், அவ்வளவுதான். எதிரிகளின் எண்ணிக்கையை நூறால் பெருக்கு, தளத்தைப் பத்தால் பெருக்கு, நட்சத்திரத்தை அப்படியே கூட்டு. 207 வந்தது இப்படித்தான். எது எங்கே நிற்கிறது என்ற விவரம் அந்த எண்ணில் இல்லை. நீங்கள் வட்டாரத்துக்குள் நுழையும்போதுதான் கணினி குலுக்கல் போட்டு, ஏழு நட்சத்திரத்தையும் இரண்டு எதிரியையும் ஆங்காங்கே தூவுகிறது. வெளியே வந்ததும் மறந்துவிடுகிறது. திரும்பிப் போனால் அதே ஏழு நட்சத்திரம் வேறு ஏழு இடத்தில் இருக்கும். வானியல்காரர் பார்த்தால் தலையில் கைவைப்பார். ஆடுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தே ஆக வேண்டும். எதிரியின் பலமும் நுழையும்போதுதான் குலுக்கிப் போடப்படுகிறது. குற்றுயிராக விட்டுவிட்டு ஓடி வந்த எதிரி, நீங்கள் ஆற்றல் நிரப்பிக்கொண்டு திரும்பும்போது 100-க்கும் 300-க்கும் இடையே புதுப் பலத்தோடு நிற்பான். கணினிக்கு அவன் காயம் நினைவில் இல்லை. ஆகவே தொடங்கிய சண்டையை முடித்துவிட்டு வருவதே லாபம். இதை விதியாக எங்கும் எழுதி வைக்கவில்லை. நினைவகச் சிக்கனத்தில் தானாக முளைத்த விதி.

உள்ளே இருக்கும் வட்டாரத்தைக் கையாளும் முறை இன்னும் அழகு. நிரலில் அந்தப் படம் 192 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு எழுத்துச்சரம். 64 கட்டம், கட்டத்துக்கு மூன்று எழுத்து. உங்கள் கப்பல் என்றால் இரண்டு கோணக்குறிக்கு நடுவே ஒரு நட்சத்திரக்குறி. வெற்றிடம் என்றால் மூன்று இடைவெளி. வரிசையை 24-ஆல் பெருக்கி, நெடுவரிசையை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் சரத்தில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். ‘அந்தக் கட்டத்தில் ஏதாவது மோதுமா?’ என்ற கேள்விக்கு, அந்த இடத்தில் மூன்று எழுத்தை வெட்டிப் பார்த்து, அது வெறும் இடைவெளியா என்று ஒப்பிடுகிறது நிரல். அச்சிடும் படம் தனி, கணக்கிடும் தரவு தனி என்ற பிரிவே கிடையாது. இன்று ஒரு மாணவர் இப்படி எழுதினால் ஆசிரியர் திட்டுவார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

திசைக்கு வருவோம். வலம் 1, மேல் 3, இடம் 5, கீழ் 7. இடையே உள்ள 2, 4, 6, 8 மூலைவிட்டத் திசைகள். 1.5 என்றும் கொடுக்கலாம். கோணம் என்றால் சைன், கொசைன் என்று போவதுதான் வழக்கம். இங்கே அதெல்லாம் இல்லை. திசை 1 என்றால் ஓரடிக்கு ஒரு கட்டம் வலம். திசை 2 என்றால் ஒரு கட்டம் வலம், ஒரு கட்டம் மேல். 1.5 என்றால் இரண்டுக்கும் நடுவே: ஒரு கட்டம் வலம், அரைக் கட்டம் மேல். இவ்வளவுதான் கணக்கு. எதிரி மூன்று கட்டம் வலத்திலும் ஒரு கட்டம் மேலேயும் நிற்கிறான் என்றால், ஒன்றை மூன்றால் வகுத்து 1-உடன் கூட்டுங்கள். 1.33 என்ற திசையில் டார்ப்பிடோவை விட்டால் மூன்றாவது அடியில் சரியாக அங்கே இருக்கும். கப்பலின் கணினியைக் கேட்டால் அதுவும் இதே வகுத்தலைத்தான் செய்து பதில் சொல்கிறது.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. மூலைவிட்டத்தில் ஓர் அடி என்பது நேர்த்திசையில் ஓர் அடியைவிட 1.4 மடங்கு தூரம். ஆனால் ஆற்றல் செலவு அடிக்கணக்கில்தான். ஆக, குறுக்கே போனால் மலிவு. செலவுக் கணக்கும் விசித்திரம்: எத்தனை அடியோ அத்தனை அலகு, அதோடு கிளம்புவதற்கு ஒரு பத்து. வார்ப் என்பது பாய்ச்சலின் அளவு. வார்ப் 1 என்றால் ஒரு வட்டாரம், எட்டு அடி, 18 அலகு. வார்ப் 8 என்றால் 74 அலகு. ஆனால் நாள்கணக்கில் இரண்டுக்குமே ஒரே ஒரு நாள்! பக்கத்து வட்டாரத்துக்குப் போவதும் மண்டலத்தின் மறுகோடிக்குப் போவதும் காலண்டருக்கு ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டவர் தட்டித் தட்டிப் போகமாட்டார்.

போருக்கு இரண்டு ஆயுதம். டார்ப்பிடோ பத்துதான் இருக்கும். பட்டால் ஒரே அடியில் எதிரி காலி, ஆனால் குறி தப்பாமல் விட வேண்டும், நடுவே நட்சத்திரம் இருந்தால் அது விழுங்கிவிடும். ஃபேஸர் கதிருக்குக் குறி தேவையில்லை. எத்தனை அலகு ஆற்றல் என்று சொன்னால் போதும். வட்டாரத்தில் உள்ள எதிரிகளுக்குச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தூரத்தால் வகுத்து, 2-க்கும் 3-க்கும் இடையே ஏதோ ஒரு தற்செயல் எண்ணால் பெருக்கும். இரண்டு எதிரிக்கு 400 அலகு விட்டால் ஆளுக்கு 200. நான்கு கட்டத் தூரத்தில் நிற்பவனுக்கு 100 முதல் 150 வரை அடி. பக்கத்துக் கட்டத்தில் நின்றால் 400 முதல் 600.

இயற்பியல் படித்தவர் இங்கே கையைத் தூக்குவார். விளக்கொளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தானே குறையும், வெறும் தூரத்தால் வகுப்பது எப்படிச் சரி? நம் உலகில் அவர் சொல்வது சரி. ஒளி ஒரு கோளமாக விரிகிறது. கோளத்தின் பரப்பு தூரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆனால் இந்த விண்வெளி காகிதம்போலத் தட்டையானது. குளத்தில் கல் எறிந்தால் அலை வட்டமாகத்தான் விரியும். வட்டத்தின் சுற்றளவு தூரத்தோடு மட்டுமே வளரும். இரட்டைப் பரிமாண உலகில் ஆற்றல் பரவி மெலிவது தூரத்தால் வகுத்த அளவுக்குத்தான். மேஃபீல்டு இதை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுத்தலோடு வேலை முடிந்ததே என்று விட்டிருக்கலாம். ஆனாலும் விடை சரி.

எதிரி சுடுவதும் இதே சூத்திரத்தில்தான். அவன் ஆற்றல், வகுத்தல் தூரம், பெருக்கல் தற்செயல் எண். நெருங்கினால் உங்கள் அடியும் பலம், அவன் அடியும் பலம். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது: ஒருமுறை சுட்டதும் அவன் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வற்றிவிடும். 200 வைத்திருந்தவனிடம் 50, 60 மிஞ்சும். ஆக, முதல் அடியைக் கவசத்தில் வாங்கிக்கொண்டு தாக்குப்பிடித்தால் சண்டை பாதி முடிந்த மாதிரி.

கவசத்துக்கு ஆற்றல் எங்கிருந்து? ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது 3,000 அலகு ஆற்றல், ஒரே பை. நகர்வதற்கும் அதிலிருந்து, சுடுவதற்கும் அதிலிருந்து, கவசத்துக்கும் அதிலிருந்தே எடுத்து ஒதுக்க வேண்டும். கவசத்தில் 300 வைத்துவிட்டு மிச்சம் 2,700-ஐ வைத்திருந்து, எதிரி 350 அடித்தால் செத்தீர்கள். பையில் இருக்கும் 2,700 உதவிக்கு வராது. மாதச் சம்பளத்தை வாடகைக்கும் மளிகைக்கும் மருந்துக்கும் பிரித்து வைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சிக்கல் புரியும். தளத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றால் பை மறுபடி நிரம்பும், டார்ப்பிடோவும் பத்தாகும். ஆனால் ஒரு வட்டாரத்தில் தளம் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான். மண்டலம் முழுக்கச் சராசரியாக இரண்டோ மூன்றோ தேறும். எதிரிகள் சராசரியாக 17 பேர். நாள் 25 முதல் 34 வரை.

கடைசித் தளத்தை நீங்களே டார்ப்பிடோவால் தவறுதலாக அழித்துவிட்டால் பதவி பறிபோகும், 99 நாள் கடுங்காவல். நிரல் எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

லீடம் சேர்த்தவற்றில் எனக்குப் பிடித்தது வட்டாரங்களின் பெயர்கள். 16 நட்சத்திரப் பெயர், ஒவ்வொன்றிலும் நான்கு பிரிவு. பட்டியலில் ஆன்டாரஸ், ஆல்டெபரான், பீட்டல்ஜியூஸ், ரெகுலஸ், ஆர்க்டுரஸ், ஸ்பைக்கா எல்லாம் வருகின்றன. நம் பஞ்சாங்கத்தில் பார்த்தால் முறையே கேட்டை, ரோகிணி, திருவாதிரை, மகம், சுவாதி, சித்திரை. ஜாதகக் கட்டத்தில் இருப்பவர்களெல்லாம் இங்கே போர்க்கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பட்டியலில் ஒரு பெயர் மட்டும் இடிக்கும். ‘தனுசு’ என்பது தனி நட்சத்திரமே இல்லை, நட்சத்திரக் கூட்டம்.

இந்த நிரல் கைமாறிக் கைமாறி எத்தனையோ கணினிகளுக்குப் போனது. 1979-இல் டக் நியூபாவர் அட்டாரி கணினிக்கு எழுதிய ‘ஸ்டார் ரைடர்ஸ்’ இதே மண்டல வரைபடத்தை எடுத்துக்கொண்டு, போரை மட்டும் உடனுக்குடன் நடப்பதாக மாற்றியது. அதற்குள் வீட்டுக்குத் திரை வந்திருந்தது.

கடைசி எதிரியும் விழுந்ததும் மதிப்பெண் வரும். அழித்த எண்ணிக்கையை நாள்களால் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கியது. வர்க்கம் என்பதால் பாதி நாளில் முடித்தால் நான்கு மடங்கு மதிப்பெண். பிறகு இயந்திரம் ஒரு வரி அடிக்கும்: இதே போன்ற பணிக்குக் கூட்டமைப்புக்குப் புதிய தலைவர் தேவை, விருப்பமுள்ளவர் முன்வரலாம். ‘ஆகட்டும்’ என்பதற்குரிய மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், சற்று நேரம் அமைதி. உள்ளே 64 எண்கள் மறுபடி குலுக்கப்படுகின்றன.