பேஸ் லேயர்: உள்ளாடையா, மெய்ப்பையா?

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் பிரப்பன்வலசையில் கயாக் என்ற துடுப்புப் படகு ஓட்ட வருகிறவரிடம் "பேஸ் லேயர் போட்டுட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பருத்திப் பனியனோடு வந்து நிற்பார். குற்றம் அவர்மேல் இல்லை, சொல் அப்படி.

குளிர்நாட்டு மலையேறிகள் உடலை ஒட்டி ஒன்று, சூடு காக்க ஒன்று, காற்றையும் மழையையும் தடுக்க ஒன்று என மூன்றாக உடுத்துவார்கள். தோலைத் தொடுவது பேஸ் லேயர். 'அடிப்படை அடுக்கு' என்றால் கட்டட வேலை போலிருக்கிறது. 'உள்ளாடை' என்றால் ஜட்டிதான் நினைவுக்கு வரும். அதோடு, நம் கரையில் இதற்கு மேலே லைஃப் ஜாக்கெட் தவிர எதுவும் கிடையாது. முல்லைப்பாட்டில் யவனக் காவலர் போட்ட சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். உடம்புக்கு ஒரு பை. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இதன் வேலைக்குப் பெயர் விக்கிங். விக் என்றால் விளக்குத் திரி. திரி எண்ணெயை ஏற்றுவதுபோல இழைகளின் நுண்ணிய சந்துகள் வியர்வையை வெளிப்பக்கம் இழுத்துப் பரப்பும், 'திரியிழுப்பு' எனலாம். பருத்தியும் இழுக்கும், ஆனால் நீரை இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழை தன் எடையில் 1 சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் சீக்கிரம் காயும். ஆடிக் கச்சான் காற்றில் நனைந்த பனியனோடு நின்றால் வெயிலிலும் உடம்பு வெடவெடக்கும்.

துணி தோலில் படிந்தால்தான் இழுக்கும். பை என்றதற்காகத் தொளதொளவென்று வாங்க வேண்டாம், தண்ணீர் புகுந்து உப்பிவிடும். கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். வயிறு தெரிந்தால் நீளம் போதாது. மூச்சை முழுதாக இழுக்க முடியாவிட்டால் இறுக்கம். நம் வெக்கைக்கு 150 ஜிஎஸ்எம்முக்குள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 150 கிராமுக்குள், இருந்தால் போதும். யுபிஎஃப் 50 என்று போட்டிருந்தால், புற ஊதாக் கதிரில் 50இல் 1 பங்குதான் உள்ளே வரும்.

முக்கியமாகத் தையலைப் பாருங்கள். சட்டையை உள்பக்கம் புரட்டி அக்குளில் விரலை ஓட்டுங்கள். ஓவர்லாக் தையல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். ஃபிளாட்லாக் படிந்து கிடக்கும். வரப்பு நிற்கும் சட்டையில் துடுப்பின் ஒவ்வொரு வீச்சுக்கும் தோல் உரசும். இடையில் காய்ந்த உப்பும் சேர்ந்தால் அது நிஜமாகவே உப்புத்தாள். அக்குள் சிவந்து, அடுத்த நாள் கையைத் தூக்க முடியாது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சரிந்திறங்கும் ராக்லன் கை நல்லது, தோள் உச்சியில் லைஃப் ஜாக்கெட் பட்டைக்கு அடியில் தையல் வராது.

முழுக்கைதான் வேண்டும். வெயிலுக்கு மட்டுமல்ல, சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டாலும் துணி ஓரளவு காக்கும். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் சேலைமேல் ஆண்கள் சட்டையை மாட்டி, விரல்களில் துணி சுற்றிக் கடலில் இறங்குகிறார்கள். பேஸ் லேயர் என்ற பெயர்தான் அவர்களிடம் இல்லை.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் கூடாது. அது இழைமேல் படலமாகப் படியும், திரியிழுப்பு கெடும்.