நடைப்பிணத்துக்கு எல்ஃப் ஏன் அஞ்சுவதில்லை?

மே மாத விடுமுறைக்கு அக்கா மகன் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்துவிட்டால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பாதாள அறையாக மாறிவிடும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுதான்; ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் கதையாடும் விளையாட்டு. இருபது முகப் பகடை, பென்சில், கட்டம் போட்ட தாள். கதை சொல்வது என் பொறுப்பு. ஒரு நாள் அவனுடைய குழு பழைய கல்லறை ஒன்றுக்குள் இறங்கியது. இருட்டிலிருந்து பிணந்தின்னிகள் என்ற நடைப்பிணங்கள் பாய்ந்தன. அவற்றின் நகம் பட்டால் உடல் மரத்துப்போகும். மனித வீரன் விறைத்து நின்றான், குள்ளனும் விறைத்தான். மருமகனுடைய எல்ஃப் (மனிதச் சாயலில், மூப்பால் சாகாத கற்பனை இனத்தவள்) மட்டும் அடுத்த அம்பை எடுத்து நாணில் பூட்டினாள். விதி அப்படி. 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே, பிணந்தின்னியின் தீண்டல் எல்ஃப்களைத் தவிர மற்றவர்களை முடக்கும் என்று இருக்கிறது.

"மாமா, எல்ஃபுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?" என்று கேட்டான். விதி அவனுக்குத்தான் சாதகம். இருந்தும் கேட்டான் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

விளையாட்டுக்கு முன்பே இந்த வழக்கம் கதையில் இருந்தது. 1955-இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மூன்றாம் பாகத்தில், இறந்தவர்களின் பாதை வழியாக ஒரு கூட்டம் போகிறது. வாக்குத் தவறியதால் சாபம் பெற்று, செத்தும் போக்கிடமில்லாமல் அலையும் மனிதர்களின் நிழல்கள் பின்தொடர்கின்றன. மலையைக் குடைந்து வாழும் இனத்தில் பிறந்த கிம்லி என்ற குள்ளன் அந்தச் சுரங்கத்தில் நடுநடுங்கிப் போகிறான். எல்ஃபான லெகோலாசுக்கு எதுவும் இல்லை. மனித நிழல்களைப் பலமற்றவையாகவே கண்டேன், அஞ்சவில்லை என்று பிறகு சொல்கிறான். ஏன் அப்படி என்பதற்கு, நமக்குள் பயம் எப்படி மூள்கிறது என்பதைப் பார்த்தால் நல்ல விடை கிடைக்கிறது.

நடைப்பிணம் நம்மைப் பல முனைகளில் தாக்குகிறது. முதலாவது அருவருப்பு. உடல் அழுகும்போது பாக்டீரியாக்கள் புரதத்தின் அமினோ அமிலங்களைச் சிதைத்து புட்ரெசின், கடாவெரின் என்ற சேர்மங்களை உண்டாக்குகின்றன. மூக்கில் அந்த வாடை பட்டதும் குமட்டும், முகம் சுளிக்கும், கால் தானாகப் பின்வாங்கும். நோய்க்கு அருகில் போகாதே என்று உடல் கற்றுவைத்திருக்கும் பழைய பாடம் அது. டோல்கீனின் எல்ஃப்களை நோயும் கொள்ளைநோயும் கொல்வதில்லை. அந்தப் பாடமே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது, கண்ணுக்கும் அறிவுக்கும் நடக்கும் பிணக்கு. ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-இல் ஒரு வரைபடம் போட்டார். ஓர் உருவம் மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன்மீது நெருக்கம் கூடும். ஏறத்தாழ மனிதனைப் போல இருந்து ஏதோ ஒன்று குறையும் இடத்தில் நெருக்கம் அதலபாதாளத்தில் விழும். அந்தப் பள்ளத்தில் பிணம் கிடக்கிறது; அதற்கும் கீழே நடமாடும் பிணம். உயிருள்ளது, உயிரற்றது என்று நாம் வைத்திருக்கும் இரண்டு பெட்டிகளில் எதிலும் அதைப் போட முடியவில்லை. இதை நினைவில் வையுங்கள், திரும்பி வருகிறேன்.

மூன்றாவது முனைதான் மலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூளையின் அடிப்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்றாக. கண் அனுப்பும் செய்தி அரைகுறையாக இருந்தாலும் அது மணி அடித்துவிடும். கொடைக்கானலின் நாயுடுபுரம் பக்கம் இரவில் நடந்து வீடு திரும்புகிறவர்களைக் கேளுங்கள். மூடுபனியில் கறுப்பாக ஒன்று நின்றால் குப்பைத் தொட்டியாகவும் இருக்கலாம், காட்டுமாடாகவும் இருக்கலாம். தொட்டியை மாடென்று எண்ணி ஒதுங்கினால் இரண்டு நிமிடம் நஷ்டம். மாட்டைத் தொட்டியென்று எண்ணி நெருங்கினால் உயிர் மிஞ்சாது. இப்படிப்பட்ட கணக்கில் தப்பிப் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். அதனால்தான் தெரியாததையெல்லாம் நம் மூளை ஆளாகவோ மிருகமாகவோ இட்டு நிரப்புகிறது.

1872-இல் கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி மலை விளிம்பில் அமைத்த நடைபாதையில் ஒரு மாலை நான் நின்றிருந்தேன். பள்ளத்தாக்கு முழுக்க வெண்மூட்டம். முதுகுப் பக்கம் வெயில் சட்டென்று திறந்தது. எதிரே மூட்டத்துக்குள் பனைமர உயரத்தில் ஒரு கரிய உருவம் நின்றது, தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு. நெஞ்சு ஒரு கணம் அடைத்துக்கொண்டது. நான் கையைத் தூக்கினேன், அதுவும் தூக்கியது. நான் அசையாமல் நின்றபோதும் அது லேசாக அசைந்தது.

அது என் நிழல்தான். ஜெர்மனியின் பிராக்கன் மலையின் பெயரால் பிராக்கன் பூதம் என்பார்கள். நிழல் ஒரு சுவரில் விழவில்லை, பனித்துளிகளின் ஆழத்துக்குள் நீளமாக விழுகிறது. தூரத்தை அளக்க மரமோ கல்லோ அங்கே இல்லை. அதனால் அருகில் இருப்பதைத் தொலைவில் இருப்பதாக எண்ணி, ராட்சத அளவைக் கொடுத்துவிடுகிறோம். மூட்டம் நகர்வதால் நிழல் அசைவதாகத் தெரிகிறது. ஒரே அளவான நுண்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பிச் சிதறடிப்பதால் வளையம் உண்டாகிறது. பக்கத்தில் நின்ற நண்பர், வளையம் தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்று சாதித்தார். அவர் சொன்னதும் சரி: அவரவர் கண்ணுக்கு அவரவர் தலைக்கு மட்டுமே வளையம்.

இதே மலையில் இந்த இட்டு நிரப்பும் வேலைக்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. பேத்துப்பாறை பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய சிறு அறைகள் உண்டு. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்கிறது தொல்லியல். ஊர் வழக்கில் அவை குள்ளர் குகைகள். அறை சிறியது, ஆகவே குடியிருந்தவரும் சிறியவர்! இறந்தோருக்குக் கட்டிய வீட்டில் நம் கற்பனை ஒரு குள்ளர் இனத்தையே குடியேற்றிவிட்டது.

எல்ஃபுக்கு இந்த வேலை இல்லை. ஏறத்தாழ 24 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் குதிரை வீரர்களை லெகோலாஸ் எண்ணி, நூற்றைந்து பேர் என்கிறான். நம் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் ஏழு மீட்டருக்குக் குறைந்த இடைவெளி பிரிந்து தெரியாது. முழுப் படையும் ஒரு மங்கலான திட்டாகிவிடும். இவ்வளவு கூர்மையாகப் பார்ப்பவனுக்கு இருள் என்பதே குறைவு, இட்டு நிரப்ப வேண்டியதும் குறைவு.

ஆனாலும் என் கணிப்பில் இவையெல்லாம் வெளிவாசல்கள். உள்ளே இருப்பது சாவு. நடைப்பிணம் நம்மிடம் சொல்வது, நீயும் இப்படி ஆவாய் என்பதுதான். டோல்கீன் உலகில் மனிதன் இறந்தால் உலகைவிட்டே போகிறான், எங்கே என்று எவருக்கும் தெரியாது. எல்ஃபின் ஆவியோ உலகம் உள்ளளவும் உலகத்தோடு கட்டுண்டது. உடல் அழிந்தால், ஆவிகள் காத்திருக்கும் மாண்டோசின் மண்டபங்களுக்குப் போகும். மீண்டும் உடல் பெற்றுத் திரும்பவும் வழி உண்டு. உடலிலிருந்து ஆவி பிரிவதும் சேர்வதும் அவனுக்குத் தெரிந்த சங்கதி. மோரியின் பள்ளம் இங்கே தூர்ந்துவிடுகிறது: பிணம் நடந்தாலும் அதைப் போட்டு வைக்க எல்ஃபிடம் ஒரு பெட்டி இருக்கிறது.

நம் பாட்டிமார் சொன்ன கதையிலும் இந்தக் கணக்கு உண்டு. நள்ளிரவில் முருங்கை மரமேறி, வேதாளம் குடியிருக்கும் பிணத்தை வெட்டிச் சாய்த்துத் தோளில் போட்டு நடந்த விக்கிரமாதித்தன் யார்? ஆயிரம் ஆண்டு அரியணை வரம் பெற்றவன். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று அதை இரண்டாயிரமாக நீட்டிக்கொண்டவன். தன் சாவு இன்றைக்கு இல்லை என்று தெரிந்தவன் தோளில் பிணம் வெறும் சுமைதான்.

அப்படியானால் எல்ஃபுக்குப் பயமே கிடையாதா என்று மருமகன் விடாமல் கேட்டான். பயமே இல்லாமற்போவது வேறு கதை. அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒரு பெண்ணுக்கு அரிய நோயால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. ஆய்வாளர்கள் அவரைப் பாம்புகளிடம் அழைத்துப் போனார்கள், செயற்கைப் பேய் மாளிகைக்குள் நடக்கவைத்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர் பயப்படவில்லை; வேடமிட்டு வந்த பேயின் தலையை ஆவலோடு குத்திப் பார்த்தார், பேய்தான் பயந்துவிட்டது. ஆனால் 2013-இல் வந்த மற்றோர் ஆய்வில், 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்ததும் அதே பெண் பீதியில் துடித்தார். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு மணி, உடலுக்குள் மூச்சு முட்டினால் அடிக்க வேறொரு மணி. அவருக்கு முதல் மணி அறுந்துபோயிருந்தது.

எல்ஃபின் மணி அறுந்துபோகவில்லை, நடைப்பிணத்துக்கு அதன் கயிறு எட்டவில்லை, அவ்வளவுதான். கயிறு எட்டும் எதிரி உண்டு. அதே டோல்கீன் கதையில், மோரியா சுரங்கத்தில் பால்ராக் வருகிறது. அது செத்தவன் நிழல் அல்ல, உலகத்தைவிட மூத்த நெருப்பு ஆவி. லெகோலாஸ் வில்லை இழுக்கிறான், கை தாழ்கிறது, அம்பு நழுவித் தரையில் விழுகிறது, வாய்விட்டு அலறுகிறான்.

அந்தப் பக்கத்தை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். பகடையை ஓரமாக வைத்துவிட்டு, எல்ஃபின் குணங்களை எழுதிவைத்திருந்த தாளைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டான்: "பால்ராக்: பயம் உண்டு."