நாவலைப் படமாக்கக் கேட்டு வந்தால்: கையெழுத்துக்கு முன் கொஞ்சம்

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் கித்துல்கல தெரியும். 1957இல் வந்த ‘க்வாய் நதிப் பாலம்’ படத்துக்காகக் களனி கங்கையில் பாலம் கட்டி, ரயிலை விட்டு, வெடிவைத்துத் தகர்த்தது அங்கேதான். பியர் பூல் 1952இல் பிரெஞ்சில் எழுதிய மூல நாவலில் அந்தப் பாலம் தகர்வதே இல்லை.

எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொடுக்கும் சட்டத்தரணி என்ற முறையில் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஸ்டூடியோ நம்மிடம் வாங்குவது கதையை மட்டுமல்ல, அதை மாற்றும் உரிமையையும்தான். பூலின் நாவலில் பிரிட்டிஷ் அதிகாரியாக வரும் ஷியர்ஸ், படத்தில் அமெரிக்கராகிவிட்டார். அமெரிக்காவில் படம் ஓட வேண்டுமே! அந்தப் பாத்திரத்துக்கு வந்த வில்லியம் ஹோல்டன் மொத்த வசூலில் 10 வீதம் பேசி வாங்கினார். நாவலாசிரியருக்கு வழக்கமாக எழுதிக்கொடுப்பதோ நிகர லாபத்தில் பங்கு. விளம்பரம், வட்டி, விநியோகம் என்று எல்லாம் கழித்த பிறகு அந்த நிகரத்தில் எதுவும் மிஞ்சாமலே போகலாம். கையில் வரும் தொகையைத்தான் சரியாகப் பேச வேண்டும்.

(படம் சொல்லும், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படமோ பிரிட்டிஷ் கைதிகளைச் சுற்றியே போகிறது.)

யுத்தக் கதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகாம், பீரங்கி, சீருடை எல்லாம் இராணுவத்திடம்தான் இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஜோன்ஸின் ‘ஃப்ரம் ஹியர் டு இடர்னிட்டி’ என்ற 1951 நாவலில் சிப்பாய்களைக் கொடுமைப்படுத்தும் கப்டனுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. 1953இல் இராணுவ ஒத்துழைப்போடு எடுத்த படத்தில் அதே ஆளைப் பதவி விலக வைத்துவிட்டார்கள்.

கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய் யுத்தத்தில் மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கதையை எழுதுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என்னிடம் வரும் ஒப்பந்தத் தாள்கள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். நடுவில் ஒரு வரி: “உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், எல்லா வடிவங்களிலும்.” தொடர், இரண்டாம் பாகம், மறு தயாரிப்பு எல்லாமே அந்த ஒரு வரியில் போய்விடும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நாவலைத் தழுவிப் படமெடுக்க அனுமதிக்கும் உரிமை எழுத்தாளருடையது. அவர் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். பொருளாதார உரிமையை விற்றாலும், தன் பெயரைக் குறிப்பிடக் கேட்கவும், மதிப்பைக் கெடுக்கும் சிதைவை எதிர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் பெயர் எங்கே, எப்படி வரும் என்பதை எழுதி வாங்குங்கள். க்வாய் படத்தின் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலான ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் ஒஸ்கார் பூலின் பெயருக்குப் போனது. ஒஸ்கார் வழங்கும் அகடமி அதைத் திருத்தியபோது இருவருமே உயிரோடு இல்லை.

முதலில் வருவது பெரும்பாலும் முழு விற்பனை அல்ல, ஒப்ஷன். சிறு தொகை கொடுத்து, குறித்த காலத்துக்கு வேறு யாருக்கும் விற்காமல் பிடித்துவைப்பார்கள். ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் ‘ஆல் குவையட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்ற 1929 நாவலை லெஸ்லி பட்டர்சனும் இயன் ஸ்டோக்கெலும் 2006இல் இப்படிப் பிடித்தார்கள்; படம் வந்தது 2022இல். அத்தனை வருடமும் புதுப்பிக்கப் பணம் கட்டினார்கள். ஆகவே ஒப்ஷனுக்கு முடிவுத் திகதி, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறைக்கும் தனித் தொகை, படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வாசகம், இம்மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் புத்தகப் பதிப்பாளருடன் போட்ட பழைய ஒப்பந்தத்தையும் எடுத்து வாருங்கள். திரைப்பட உரிமை ஏற்கெனவே அங்கே போயிருக்கவும் கூடும்.