உளவுப் பிசகு: 'இன்டலிஜென்ஸ் ஃபெயிலியர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அக்டோபர் வந்தால் போதும், யாராவது எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கிய 1973 போரைப் பற்றி யூடியூபில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். 'இது மொசாத்தின் தோல்வி, இஸ்ரேல் உளவுத்துறையின் மாபெரும் தோல்வி' என்று இரண்டாவது நிமிடத்தில் வந்துவிடும். மொசாத் என்பது இஸ்ரேலின் வெளிநாட்டு உளவு அமைப்பு. 2023 அக்டோபர் 7 அன்று காஸாவிலிருந்து ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு இது இன்னும் கூடிவிட்டது. எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள் வேறு 'நுண்ணறிவுத் தோல்வி' என்று போடுகிறார்கள். இரண்டும் தவறு. அதிலும் 'உளவுத்துறை தோல்வி'தான் அதிகக் கெடுதல் செய்கிறது, பார்வைக்குச் சரியாக இருப்பதால் யாரும் அதை நிறுத்திக் கேட்பதில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. இன்டலிஜென்ஸ் என்பது இலத்தீனிலிருந்து வந்தது, பலவற்றுக்கு நடுவே தெரிந்தெடுத்துப் புரிந்துகொள்வது என்பது அடிப்படை. ஆங்கிலத்தில் அது அறிவுக்கூர்மையையும் குறித்தது, வந்து சேர்ந்த செய்தியையும் குறித்தது. படைத்துறைக்குப் போனது அந்தச் செய்திப் பொருள். ஆகவே 'நுண்ணறிவு' இங்கே ஒட்டவே ஒட்டாது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் நுண்ணறிவுப் பிரிவு என்றே ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பெயர்ப்பலகையில் பழகிவிட்டது, சரி. ஆனால் 'நுண்ணறிவுத் தோல்வி' என்று எழுதினால் படிக்கிறவர் யாருக்கோ மூளை மட்டு என்றுதான் நினைப்பார். 'புலனாய்வு' இலங்கையில் இந்தப் பொருளில்தான் வழங்குகிறது, அங்கே குழப்பமில்லை. தமிழ்நாட்டில் அது குற்றம் நடந்த பிறகு துப்புத் துலக்குவதற்குப் போய்விட்டது.

இனி 'உளவுத்துறை தோல்வி'. மூலச் சொல்லில் துறை எங்கே இருக்கிறது? நாமாகச் சேர்த்தது அது. சேர்த்தவுடன் பழி ஒரு கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது, அங்கே இருந்தவர்கள் தகவல் கொண்டுவரவில்லை என்று ஆகிவிடுகிறது. 1973-இல் நடந்தது அதுவா?

செப்டம்பர் 25 அன்று ஜோர்டான் மன்னர் ஹுசைன் ரகசியமாக வந்து இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயரிடம் சிரியாவின் ஆயத்தம் பற்றி எச்சரித்தார். இஸ்ரேலின் தென்மண்டலப் படைத்தலைமையில் உளவுப் பிரிவில் இருந்த பெஞ்சமின் சிமன் தோவ் என்ற இளம் லெப்டினன்ட், சூயஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எகிப்து நடத்துவது பயிற்சியல்ல, பயிற்சி என்ற போர்வையில் போருக்கான ஆயத்தம் என்று அக்டோபர் 1-லும் 3-லும் எழுதியே கொடுத்தார். மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக விமானம் ஏறின, அதுவும் தெரிந்தது. கடைசியாக, எகிப்தின் முன்னாள் அதிபர் நாசரின் மருமகனும் மொசாத்துக்குத் தகவல் தந்துவந்தவருமான அஷ்ரஃப் மர்வான் அக்டோபர் 5 இரவு லண்டனில் மொசாத் தலைவர் ஸ்வி ஸமீரையே நேரில் சந்தித்து, நாளைக்குப் போர் என்றார். மறுநாள் பிற்பகல் 2 மணிக்குப் போர் தொடங்கிவிட்டது. சேமப்படையைத் திரட்ட 48 மணி நேரமாவது முன்னறிவிப்பு இருக்கும் என்று நம்பித் திட்டம் போட்டிருந்த நாட்டுக்குக் கையில் இருந்தது சில மணி நேரம்.

அப்படியென்றால் மொசாத் எங்கே தோற்றது? போர் வருமா வராதா என்று கணித்துச் சொல்லும் பொறுப்பு அப்போது 'அமான்' என்ற படைத்துறை உளவுப் பிரிவிடம் இருந்தது. அதன் தலைவர் எலி ஸெய்ரா. அங்கே ஒரு கருத்து உறைந்து கிடந்தது: இஸ்ரேல் விமானப்படையை ஈடுகட்டும் தொலைதூரக் குண்டுவீச்சு விமானமும் ஏவுகணையும் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா வராது. வந்த தகவலையெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வெட்டிப் பொருத்தினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் போர் வரும் என்று மற்றவர்கள் பதறியபோது வராது என்று ஸெய்ரா சொன்னது பலித்துவிட்டதால், அக்டோபரில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. 2,500-க்கும் மேற்பட்ட இஸ்ரேலிய வீரர்கள் இறந்த பிறகு அக்ரநாத் ஆணையம் அமைத்து விசாரித்தார்கள், ஸெய்ராவும் படைத் தலைமைத் தளபதி எலாஸாரும் பதவி இழந்தார்கள். இஸ்ரேலியர் இந்த நிகழ்வுக்கு வைத்த பெயர் 'மெஹ்தல்'. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது என்று பொருள். தங்கள் பிழையை அவர்கள் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள், நாம் அதையே 'மொசாத் தோல்வி' என்று திருப்பிப் போடுகிறோம். மொழிபெயர்ப்புப் பிழை வரலாற்றுப் பிழையாகிவிட்டது.

2023-லும் இதே கதை. காஸா எல்லையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் பெண் வீரர்கள் வேலிக்கு அப்பால் நடந்த பயிற்சிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மேலே எடுபடவில்லை.

வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. 'ஒற்றினான் ஒற்றிப் பொருள்தெரியா மன்னவன்' என்கிறார், 583-ஆம் குறள். ஒற்றர் சொன்னதன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டியது மன்னன் என்று பொறுப்பை நேராக அவன் தலையில் வைக்கிறார். ஒற்றுவது ஒரு வேலை, பொருள் தெரிவது வேறு வேலை. 'துறை தோல்வி' இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாவதை மறைத்துவிடுகிறது.

'தோல்வி'யும் சிக்கல்தான். தோல்வி என்றால் எதிரே ஒருவர் வென்றிருக்க வேண்டும். ஃபெயிலியர் என்று கண்ட இடத்திலெல்லாம் தோல்வி என்று போடுவது மொழிபெயர்ப்பாளர்களின் பெருநோய். தமிழில் மழை பொய்க்கிறது, பிரேக் பிடிக்காமல் போகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது, கரண்ட் போய்விடுகிறது. எது எப்படிக் கெடுகிறதோ அதற்கேற்ற வினை நம்மிடம் இருக்கிறது. 'உளவு பொய்த்தது' என்று சொல்லலாமா என்றால், கூடாது. மர்வான் சொன்னது பொய்க்கவில்லையே. 'உளவுப் பிழை'யும் அப்படியே, கிடைத்த தகவல் பிழை என்று ஆகிவிடும்.

தூய தமிழ் அன்பர்கள் தொல்காப்பியத்திலிருந்து 'வேய்' என்ற சொல்லை எடுத்துத் தருவார்கள். வெட்சித் திணையில், அதாவது பகைவர் அறியாமல் போய் ஆநிரை கவரும் இடத்தில், 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்று வருகிறது. ஒற்றி அறிந்துவந்த செய்திதான் வேய். அருமையான சொல், ஆனால் இன்று வேய் என்றால் கூரை வேய்வதுதான் நினைவுக்கு வரும். அடிக்குறிப்பு போட்டால்தான் புரியும் என்றால் அது செய்தித்தாளுக்கு உதவாது. தமிழாக இருந்தால் மட்டும் போதாது, காதில் விழுந்தவுடன் விளங்கவும் வேண்டும்.

நான் 'உளவுப் பிசகு' என்கிறேன். கணக்கில் பிசகு என்கிறோம், நரம்பு பிசகிவிட்டது என்கிறோம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவுவதுதான் பிசகு. வினையாகவும் வரும்: 'உளவு எங்கே பிசகியது?' சேகரித்ததிலா, கணித்ததிலா, மேலே சொன்னதிலா, கேட்டவர் ஏற்றதிலா? 'தோல்வி'யை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. கார்கில் போருக்குப் பின் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த மீளாய்வுக் குழு கேட்டது இதைத்தான், பல அமைப்புகளின் தகவலை ஒன்றுசேர்த்துக் கணிக்க ஏற்பாடு போதவில்லை என்று அது சொன்ன பிறகே பாதுகாப்பு உளவு முகமை போன்றவை வந்தன.

அப்புறம் இன்னொன்று. சர்ப்ரைஸ் அட்டாக் என்பதை 'ஆச்சரியத் தாக்குதல்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அது 'திடீர்த் தாக்குதல்'.