தெர்மோகப்பிள்: வெப்ப மின்னிரட்டை

மாதிரி விமானங்களில் பொருத்தும் சின்ன ஜெட் எஞ்சினான மாடல் ஜெட் டர்பைனை ஓட்டுகிறவர்கள் ‘டெம்ப் சென்சார்’ என்று சொல்வது, டர்பைனின் வால் பக்கம் புகை வெளியேறும் குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குச்சியைத்தான். முறையான பெயர் தெர்மோகப்பிள். தமிழில் வெப்ப மின்னிரட்டை. மேல்நிலை இயற்பியலில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் சொற்களில் ஒன்று.

‘தெர்மோ’ கிரேக்கத்திலிருந்து வந்தது, சூடு என்று பொருள். ‘கப்பிள்’ லத்தீனில் ‘கோப்புலா’, அதாவது பிணைப்பு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஜோடி ஆயிற்று. எதன் ஜோடி? இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் ஜோடி. 1821இல் ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக் இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு மூட்டைச் சூடாக்கியபோது, பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்த விளைவு என்றே நினைத்தார். உள்ளே மின்சாரம் ஓடுகிறது என்று புரிந்துகொண்டு ‘வெப்ப மின்’ என்ற பெயரைக் கொடுத்தவர் ஓர்ஸ்டெட். ஆனாலும் பாடப்புத்தகத்தில் சீபெக் விளைவு என்றுதான் இருக்கிறது. அதில் தப்பில்லை, முதலில் பார்த்தவர் அவர்தானே.

இந்தக் குச்சி சூட்டை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள சூட்டு வித்தியாசத்தை மட்டும் சொல்லும். மதகின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் வாய்க்காலில் ஓட்டம் இருக்காது, இதுவும் அப்படித்தான். டர்பைனில் நாம் போடும் கே வகையில் ஒரு கம்பி குரோமெல், மற்றது அலுமெல். இரண்டும் கலப்பு உலோகங்கள், பெரும்பங்கு நிக்கல்தான். வித்தியாசம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். குளிர்முனை, அதாவது சூடு படாத மறுமுனை, இருப்பது டர்பைனைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவில். பெட்டி தன் சூட்டைத் தனியாக அளந்து, அந்த வித்தியாசத்தோடு கூட்டித்தான் திரையில் காட்டுகிறது.

சரி, தமிழில் எந்தச் சொல் நல்லது? ‘வெப்பநிலை உணரி’ என்பது எல்லா டெம்ப் சென்சாருக்கும் பொதுப்பெயர், அது போதாது. ‘வெப்ப இணை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மின்சுற்றில் ‘பக்க இணைப்பு’ என்று ஏற்கெனவே ஒன்று இருப்பதால் எனக்கு அது ஒட்டவில்லை. என் ஓட்டு மின்னிரட்டைக்கு. சலசல, மடமட என்ற இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் இல்லை; இங்கேயும் ஒற்றைக் கம்பியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வேறுபாடு: இரட்டைக்கிளவியில் இரண்டும் ஒரே சொல், இங்கே இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் மின்னழுத்தம் பூஜ்யம்தான்.

இரட்டை என்று மனதில் பதிந்தவருக்குப் பழுது பார்ப்பது சுலபம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரிப் பட்டறையில் டர்பைன் ஒன்று ஸ்டார்ட் ஆகவே மறுத்தது. மண்ணெண்ணெய் பற்றுகிற சத்தம் கேட்கிறது, புகைக்குழல் சூடாகிறது, திரையில் மட்டும் 29, 30 டிகிரி. சூடு ஏறாவிட்டால் தீ பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி இசியு எரிபொருளை நிறுத்திவிடும். “அண்ணே, சென்சார் போயிருச்சு, புதுசுதான் வாங்கணும்” என்றார் மாணவர். கம்பியே அறுந்திருந்தால் அறைச் சூட்டை இவ்வளவு ஒழுங்காகக் காட்டாது. ஒன்று எகிறும், இல்லை பிழை காட்டும். ஆக, ஜோடி எங்கேயோ வழியிலேயே கைகோத்துக்கொண்டது. ஒயரை விரலால் அங்குலம் அங்குலமாகப் பிடித்துக்கொண்டே போனோம். டர்பைனைக் கட்டிய கிளாம்ப் அருகே பிடித்ததும் திரை 32க்கு ஏறியது, விட்டதும் இறங்கியது. கிளாம்பின் விளிம்பு கண்ணாடிநார் உறையைத் தேய்த்து, இரண்டு கம்பியும் அங்கே தொட்டுக்கொண்டிருந்தன. தொட்ட இடமே புது மூட்டு, இசியு அளந்தது அந்த இடத்துச் சூட்டை. பிரித்து உறை போட்டதும் வேலை முடிந்தது. அதற்கு முன் டர்பைனைச் சாய்த்து, உள்ளே தேங்கிய மண்ணெண்ணெயை வடித்துவிட்டோம். வடிக்காமல் அடுத்த ஸ்டார்ட் கொடுத்தால் பின்னாலிருந்து தீ நாக்கு நீட்டும்.

குச்சியைத் தனியாகச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். மில்லிவோல்ட்டில் வைத்து, முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால், அறை 30 டிகிரியில் இருக்கும்போது 2.9 மில்லிவோல்ட் கிட்டத்தட்ட வர வேண்டும். ஒன்றுமே வராமல், மின்தடையும் எல்லை தாண்டிக் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது, அதைத் தூக்கிப் போடலாம்.

டெல்டாவுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. குச்சிக்குள் கம்பிகளைச் சுற்றி அடைத்திருப்பது மெக்னீசியம் ஆக்சைடு பொடி. வாய் சரியாக மூடாத குச்சியை ஐப்பசி மழையில் வெளியே விட்டால் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு தள்ளாடும். அடுப்பருகே வைத்து நன்றாக உலர்த்தி, வாயை அடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் பிளக் பின்கள் பச்சை பூக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் காவிரிப் படுகை எரிவாயுவில் மின்சாரம் எடுக்க நிறுவிய நிலையங்களில் இருப்பதும் இதே இனத்து டர்பைன்தான், உருவத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அந்த அளவு டர்பைன்களில் புகைவழியைச் சுற்றி வளையமாகப் பல மின்னிரட்டைகள் இருக்கும், ஒன்று பொய் சொன்னால் மற்றவை காட்டிக்கொடுக்கும். நம் மாடலில் இருப்பது ஒன்றே ஒன்று.

புதியது மாட்டும்போது கவனிக்க வேண்டியது திசை. கம்பிகளை மாற்றி மாட்டினால் சூடாக ஆக எண் கீழே இறங்கும். அமெரிக்க முறையில் மஞ்சள் நேர், சிவப்பு எதிர். சிவப்பு என்றால் நேர் என்று பழகிய கை இங்கேதான் தவறும். ஐரோப்பாவில் கிடைக்கும் குச்சிகளில் பச்சை நேர், வெள்ளை எதிர். நிறம் வெளுத்துப்போயிருந்தால் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். அலுமெல் ஒட்டும், குரோமெல் ஒட்டாது. ஒட்டுகிற கம்பி எதிர்முனை.